எது எதில் தங்கியிருக்கிறது

திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றி யார் பேசினாலும் முதலில் 99 என்ற எண்ணைத்தான் சொல்வார்கள். பிரித்தானியர் கட்டிய தாங்கிகள் 101, இன்று நிற்பவை 99, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும், சுற்றிலும் 850 ஏக்கர் அளவு காடு. பத்திரிகைச் செய்தியிலும் பாராளுமன்றப் பேச்சிலும் தேநீர்க்கடை வாக்குவாதத்திலும் இந்தக் கணக்கு மாறாமல் வரும். எனக்கு அது போதவில்லை. அதற்கு என் தொழில்தான் காரணம்.

நான் திருகோணமலைக்காரி. கொழும்பில் ஒரு நிறுவனத்தின் சேர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. கையால் தொடக்கூடிய இயந்திரங்கள் அங்கே சிலதான். அவற்றுக்குள் மென்பொருளாக மட்டும் ஓடுகிற மெய்நிகர் இயந்திரங்கள், நாங்கள் வீஎம் என்று சொல்பவை, அதைப்போலப் பல மடங்கு. எத்தனை வீஎம் இருக்கிறது என்று மேலாளர் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடலாம், ஆனால் அந்தப் பதிலால் ஒன்றும் ஆகாது. நள்ளிரவில் ஏதாவது நின்றுபோனால் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இது எந்த ஹோஸ்டில், அதாவது கையால் தொடக்கூடிய எந்த இயந்திரத்தில், ஓடுகிறது? இதன் வட்டு எந்தச் சேமிப்பகத்தில் இருக்கிறது? எந்த வலையமைப்பின் வழியாக வெளியே போகிறது? இது நின்றால் கூடவே எவை நிற்கும்? இந்த உறவுகளை யாராவது முன்கூட்டியே மென்பொருளுக்குள் எழுதி வைத்திருக்கவேண்டும். மூலப் பிரதியும் மாற்றுப் பிரதியும் ஒரே ஹோஸ்டில் ஒருபோதும் சேர்ந்திருக்கக் கூடாது என்ற விதியும் அதில் அடங்கும். வீஎம்வேர் நிறுவனம் 2003இல் இப்படியான ஒரு மேலாண்மை மென்பொருளை வெளியிட்டது. தரவுமையம், அதற்குள் ஹோஸ்டுகளின் கூட்டமான கிளஸ்டர், அதற்குள் ஹோஸ்ட், அதன்மேல் வீஎம் என்று மரமாக விரியும் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் தொழில் பழகினேன்.

அந்தப் படத்தின் வம்சம் இன்னும் பழையது. அப்பொலோ விண்கலத்தின் எண்ணற்ற உதிரிப்பாகங்களில் எது எதற்குள் பொருந்துகிறது என்று பதிந்து வைப்பதற்காக 1960களில் ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய தரவுத்தளமும் மரவடிவம்தான். ஆனால் மனிதர்கள் இந்த வேலையைக் கணினி வந்தபிறகு தொடங்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்தக் காலத்திலேயே எல்லாம் இருந்தது என்று மார்தட்டுவதற்காக இதை எழுதவில்லை. சீனக்குடாவில் என்ன பிழைத்துப்போனது என்று விளங்கிக்கொள்ள எனக்குக் கிடைத்த நல்ல வெளிச்சம் அந்தப் பழைய பதிவுகளிலிருந்துதான் வந்தது.

முதலில் ஆடுகளைச் சொல்லவேண்டும். சோழர் காலத்துக் கோயில்களில் நந்தா விளக்கு ஒன்று எரிய 96 ஆடுகள் கொடுப்பது பெருவழக்கு. ஆடு இடையனிடம் போகும், இடையன் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளப்பான், நெய் விளக்குக்குப் போகும். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் இடையர்களின் பெயர்கூட ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கிறது. சோழர் கல்வெட்டுகள் இத்தகைய ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதும். உயிருள்ள ஆடு சாகத்தான் செய்யும். செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பவேண்டும், பதிவிலுள்ள 96 குறையக் கூடாது. கொட்டிலில் நிற்கும் ஆடு வேறு, கல்லில் நிற்கும் ஆடு வேறு என்று அவர்கள் தெளிவாகப் பிரித்திருந்தார்கள். எங்கள் மென்பொருளிலும் ஒவ்வொரு வீஎம்முக்கும் உள்ளடையாள எண் ஒன்று உண்டு. அடியிலுள்ள இரும்பு பழுதாகி அது வேறு ஹோஸ்டுக்குப் போனாலும், எவராவது அதன் பெயரை மாற்றினாலும், அந்த எண் மாறாது. தஞ்சைக் கல்வெட்டுகளை முதன்முறை வாசித்தபோது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

அதே தஞ்சைக் கல்வெட்டுகளில் ஈழத்து ஊர்களும் வருகின்றன. மாப்பிசும்பு கொட்டியாரம் என்ற பெயர் அங்கே இருக்கிறது. கொட்டியாரம் என்பது எங்கள் குடாவின் தென்கரை, மூதூர்ப் பக்கம். இங்கே விளைந்ததில் ஒரு பங்கு கடல் கடந்து தஞ்சைக் கோயிலுக்குச் சேரவேண்டும் என்று அங்கே கல்லில் எழுதினார்கள். எழுதியவன் வென்ற அரசன். கொட்டியாரத்து உழவனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உறவை வரையறுக்கும் கை எப்போதும் பலமுள்ளவனுடைய கைதான் என்பதையும் சேர்த்தே இந்தப் பதிவுகளை வாசிக்கவேண்டியிருக்கிறது.

திருகோணமலை நகரத்துக்கு வடமேற்கே பெரியகுளத்தில் நாதனார் கோயில் என்று தமிழர் சொல்லும் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளிலும் விளக்கும் பசுக்களும் கொடுத்தவர் பெயருமாக அதே இணைப்புத்தான். இவற்றிலெல்லாம் எனக்கு மிக நெருக்கமானது கந்தளாய்ப் பக்கத்துப் பளமோட்டைக் கல்வெட்டு. முதலாம் விஜயபாகு காலத்தது. நங்கைசானி என்ற பார்ப்பனப் பெண், இறந்துபோன கணவனின் நன்மைக்காகக் கந்தளாய்ச் சிவன்கோயிலுக்குச் செய்த தானம். பொருள் கொடுத்ததோடு அவள் நின்றுவிடவில்லை. விளக்குக்கு இது, பணி செய்யும் பெண்களுக்கு இது என்று பிரித்தாள். இந்த ஏற்பாடு குலையாமல் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடுத்தவர், கொடுத்த பொருள், பயன் பெறுவது, காவல் என்று நான்கு முனையும் கட்டப்பட்ட பதிவு அது. இன்றைக்கு நான் பார்க்கும் ஒப்பந்தங்களில் நான்காவது முனை பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது.

கோணேசர் கல்வெட்டு என்று வழங்கும் நூல் இவை எல்லாவற்றையும்விட விரிவானது. பெயரில் கல்வெட்டு இருந்தாலும் அது ஏட்டில் வந்தது, செய்யுளும் உரைநடையும் கலந்தது. பாடியவர் கவிராச வரோதயர். குளக்கோட்டன் என்ற சோழ இளவரசன் கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்து, கந்தளாய்க் குளத்தைக் கட்டி, அதன் கீழ் வயல்களை உண்டாக்கி, சோழநாட்டு ஊர்களிலிருந்து குடிகளைக் கொண்டுவந்து இருத்தினான் என்று அது சொல்கிறது. கந்தளாய்க் குளத்தைச் சிங்கள வரலாற்று மரபு இரண்டாம் அக்கபோதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லும். யார் கட்டினார் என்ற சண்டையில் இந்த நூலின் உண்மையான கனம் மறைந்துபோகிறது என்பது என் எண்ணம். அதன் கனம், யார் யாருக்கு என்ன கடமை என்று அது வகுக்கும் இடத்தில் இருக்கிறது.

கோயிலின் நிர்வாகமும் கணக்கும் தானத்தார் என்ற குடிகளுக்கு. பூப்பறித்தல், மாலை கட்டல், விளக்கேற்றல், மெழுகல், நெல் குற்றல் போன்ற தொழும்புகள், அதாவது கோயில் ஊழியங்கள், வரிப்பத்தார் என்ற குடிகளுக்கு. நீதி பார்க்க மதுரையிலிருந்து வந்த தனியுண்ணாப் பூபாலனை வன்னிபமாக, அதாவது தலைவனாக, வைத்தார்கள். திருகோணமலைப்பற்று, கொட்டியாபுரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று என்ற நான்கு பற்றுகளும் இந்த வலைக்குள் வருகின்றன. குளம் வயலுக்கு நீர் தரும், வயல் குடிக்குச் சோறும் கோயிலுக்கு நெல்லும் தரும், குடி கோயிலுக்கு உழைக்கும், கோயில் குளத்துக்குக் காவல் தெய்வத்தை வைக்கும். குளக்கட்டில் மடை வைக்கும் சடங்கு அந்தக் கடைசி இணைப்பு. ஒரு பொருளைத் தொட்டால் மற்ற எல்லாவற்றிலும் அதிர்வு தெரியும்படி எழுதப்பட்ட ஏடு.

அந்த ஏட்டின் பலம் 1620களில் சோதிக்கப்பட்டது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் காலத்தில் சுவாமிமலையில் இருந்த கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. பின்னால் பிறெட்றிக் கோட்டை என்று பெயர் பெற்ற அதன் வாசலில் மீன் பொறித்த பழைய கல்லை இன்றும் காணலாம். கோயில் என்ற பொருள் அத்தோடு இல்லாமல் போயிற்று. ஆனால் விக்கிரகங்களைக் கொண்டுபோய் மறைத்தவர்கள் பூசையை விட்டுவிடவில்லை. தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் உருவானபோது பழைய தொழும்பு முறைகள் அங்கே வந்து ஒட்டிக்கொண்டன. யார் விளக்கேற்றுவது, யார் நெல் குற்றுவது என்று புதிதாக யாரும் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. ஹோஸ்ட் ஒன்று செத்துவிட்டால் அதன்மேல் ஓடிய வீஎம்களை இன்னொரு ஹோஸ்டில் எழுப்பும் ஏற்பாடு எங்கள் தொழிலில் உண்டு. உறவுகள் அந்த இரும்புக்கு வெளியே தனியாகப் பதியப்பட்டிருந்தால் மட்டுமே அது நடக்கும். சுவாமிமலையில் இடிந்தது கட்டடம். பதிவு ஏட்டிலும் குடும்பங்களின் நினைவிலும் இருந்தது.

தம்பலகாமத்தில் தொழும்புக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த முதியவர் ஒருவரிடம் இதைப்பற்றிப் பேசியிருக்கிறேன். “ஐயா, உங்கட மகன் கட்டாரில நிக்கிறார். அவற்ர முறை வந்தால் ஆர் செய்யிறது?” என்று கேட்டேன்.

“மச்சான்ர பொடியன் செய்வான், பிள்ளை. முறை எங்கட வீட்டுப் பேரிலதான் கிடக்கும். நிக்கிற ஆள்தான் வேற” என்றார்.

யுத்த காலத்தில் அந்த ஊர் சனங்கள் இடம்பெயர்ந்து சிதறிய வருடங்களில் பூசை குழம்பியதையும் அவர் சொன்னார். திரும்பி வந்தபோது முறையைப் பற்றி வாக்குவாதம் வந்ததா என்று கேட்டதற்கு, ஆளில்லாத வீடுகள்தான் பிரச்சினை, முறையில் பிரச்சினை இல்லை என்றார்.

இந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு வாழ்த்த முடியாது. நெல் குற்ற விதிக்கப்பட்ட வீட்டில் பிறந்தவள் தலைமுறை தலைமுறையாக நெல் குற்றவேண்டும் என்பதும் அந்த ஏட்டின் விதிதான். கணக்கு எழுதும் வீட்டுக்கும் மெழுகும் வீட்டுக்கும் இடையில் ஒரு மேல் கீழ் இருந்தது, அதை யாரும் மாற்றி எழுத முடியவில்லை. எங்கள் அம்மம்மா அந்தக் கீழ்ப்படியில் இருந்து வந்தவர். மென்பொருளில் ஒரு உறவைப் பிழையாக வரைந்தால் மறுநாள் திருத்தலாம். மனிதர்மேல் வரைந்த உறவைத் திருத்த எங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடமும் சம்பள வேலையும் வரவேண்டியிருந்தது. ஆனாலும் இடிந்த கோயிலின் பூசை நாலு நூற்றாண்டு தொடர்ந்ததற்குக் காரணம் அந்தப் பதிவின் தெளிவு என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

இந்த இடத்திலிருந்து சீனக்குடாவைப் பார்த்தால் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. அங்கே பொருள் அழியவில்லை. உறவு அழிந்தது.

பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியபோது உலக வரைபடம் முழுவதிலும் புதிய இணைப்புகள் தேவைப்பட்டன. 1914இல் பிரித்தானிய அரசு ஆங்கிலோ பேர்சியன் எண்ணெய்க் கம்பனியில் 51 வீதப் பங்கை வாங்கியது. பாரசீகத்தில் எண்ணெய்க் கிணறு, அபதானில் சுத்திகரிப்பு ஆலை, அங்கிருந்து கப்பல், கப்பல் வந்து இறக்க ஆழமான துறைமுகம், துறைமுகத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் குழாய், மேட்டில் தாங்கி, தாங்கியிலிருந்து திரும்பவும் போர்க்கப்பலுக்கு. 1920களிலும் 1930களிலும் திருகோணமலையில் எழுந்த 101 தாங்கிகள் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. குழாயும் பம்பும் இறங்குதுறையும் அந்தப் பக்கம் கிணறும் இந்தப் பக்கம் கப்பலும் இல்லையென்றால் 12,000 கிலோலீற்றர் தாங்கி காட்டுக்குள் நிற்கும் இரும்புச் சுவர், வேறொன்றும் இல்லை.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. 91ஆம் இலக்கத் தாங்கி அன்று தீப்பிடித்தது. ஒரு விமானம் நேராக வந்து அதில் மோதியது என்றும் ஏழு நாள் எரிந்தது என்றும் ஊரில் சொல்வார்கள். உருகி மடிந்த அதன் தகடுகளைப் போய்ப் பார்த்தவர்கள் பலர். ஆனால் ஒரு தாங்கி எரிந்தும் சங்கிலி அறவில்லை. மீதியில் எண்ணெய் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

சங்கிலி அறுந்தது சமாதானத்தில். 1957 ஒக்டோபரில், பண்டாரநாயக்க பிரதமராக இருந்தபோது, கடற்படைத் தளம் இலங்கையிடம் வந்தது. சுதந்திர நாட்டுக்கு அது சரியான முடிவு, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தாங்கிகளுக்கு மேலே இருந்த கடற்படை என்ற தாய்ப்பொருள் நீங்கியபின் அந்த இடத்தில் வேறு எதையும் உரியபடி எழுதவில்லை. எங்கள் மென்பொருளில் சில வேளைகளில் ஒரு வீஎம்மின் பெயருக்குப் பக்கத்தில் அநாதை என்று ஒரு குறி விழும். பதிவேட்டில் பெயர் இருக்கிறது, எந்த ஹோஸ்டும் அதைத் தன்னுடையது என்று சொல்லவில்லை என்று பொருள். சீனக்குடாக் குதங்கள் கீழ்க்குதம், மேற்குதம் என்று இரண்டு பகுதி. மேற்குதத்தின் 85 தாங்கிகளும் பல பத்தாண்டுகள் அந்த நிலையில்தான் நின்றன. காடு ஏறியது. குழாய்கள் துருப்பிடித்தன.

பிறகு வந்த கடதாசிகளை வரிசையாகப் பார்த்தால் மனம் கசக்கிறது. 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில், குதங்களைத் திருத்தி இயக்குவது இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக இருக்கும் என்று எழுதினார்கள். 2003இல் அரசாங்கமும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக் கம்பனியான லங்கா ஐஓசியும் முத்தரப்பு உடன்படிக்கை செய்தன. 35 வருடம், ஆண்டுக்கு ஒரு இலட்சம் டொலர். அதன்படி நிலத்துக்கான குத்தகை உறுதி தனியாக எழுதப்படவேண்டும். அது எழுதப்படவே இல்லை. லங்கா ஐஓசி கீழ்க்குதத்தைப் பயன்படுத்தியது, மேற்குதம் கிடந்தபடி கிடந்தது, கொழும்பில் ஒவ்வொரு அரசாங்கம் மாறும்போதும் இவை யாருடையவை என்ற சண்டை புதிதாகத் தொடங்கியது. இரண்டு தரப்பும் சத்தியம் செய்து வாதாட முடிந்ததற்குக் காரணம், உறவின் ஒரு முனை வெறுமையாக இருந்ததுதான். நங்கைசானி விடாத முனை அது.

2022 ஜனவரி 6இல் புதிய குத்தகைகள் கையெழுத்தாயின. கீழ்க்குதத்தின் 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கு. மேற்குதத்தில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. எஞ்சிய 61, இருவரும் சேர்ந்து உருவாக்கிய ட்ரிங்கோ பெற்றோலியம் ரேமினல் கம்பனிக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐஓசிக்கு 49. காலம் 50 வருடம். முன்னைய மௌனத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் செய்தி முழுவதும் மறுபடியும் எண்ணிக்கைதான்: 14, 24, 61. மூன்று கைகளுக்குப் போன தாங்கிகள் ஒரே வளாகத்தில் நிற்கின்றன, ஒரே துறைமுகத்தை நோக்கியிருக்கின்றன. இரண்டு கைகளுக்கு நடுவே ஓடும் குழாயில் கசிவு வந்தால் எந்தக் கை திருத்தும், தீயணைக்க நீர் எங்கிருந்து வரும், எந்தத் தாங்கி நின்றால் எவை கூட நிற்கும் என்று சீனக்குடாவில் குடியிருக்கிற ஒருவர் தன் மொழியில் வாசிக்கக்கூடிய ஒரு தாள் வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு விளக்குக்கே இடையன் பெயர் வரை எழுத முடிந்தது. 61 தாங்கிகளுக்கு எழுதுவது முடியாத காரியம் அல்ல.

2023இல் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கடலடி எண்ணெய்க் குழாய் ஒன்றைப் பற்றி இரு அரசுகளும் கூட்டாக அறிவித்தன. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. குழாய் புறப்படும் இடமாகப் பேச்சில் அடிபடுவது நாகபட்டினம். சோழர் கப்பல் புறப்பட்ட அதே கரை. அன்று கொட்டியாரத்து விளைச்சல் எங்கே சேரவேண்டும் என்று அக்கரையில் ஒருவன் எழுதினான். இம்முறை எழுதும்போது கொட்டியாரக் குடாவில் வலை வீசுகிறவர்களின் பெயரும், கிண்ணியாவிலும் மூதூரிலும் சீனக்குடாவிலும் கரையோரம் குடியிருக்கிறவர்களின் பெயரும் பதிவில் ஒரு முனையாக வரவேண்டும். எண்ணெய் கடலில் கலந்தால் இழப்பீட்டுக்கு அவர்கள் யாரிடம் போவது என்ற வரி, தாங்கிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் இருக்கவேண்டும்.